லாஞ்சர் இல்லாமல் கேம்: எதை பேக்கப் எடுப்பது, எப்படிச் சோதிப்பது

கேள்வி இதுதான்: “காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் கேம்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்க வேண்டும். ஸ்டீம், காலக்ஸி மாதிரி எந்த லாஞ்சரும் (கேமை இறக்கித் திறந்துவைக்கும் ஸ்டோர் ஆப்) இல்லாமல், நெட்டும் இல்லாமல், வேறொரு கம்ப்யூட்டரில் அவற்றை விளையாட முடிய வேண்டும். கேம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணினால் போதுமா? ஸ்டீமில் வாங்கியவற்றில் எது தனியாக ஓடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து வருடம் கழித்தும் ஓடுமா?”

முடியும். ஆனால் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் சில கேம்கள் ஓடும், சில ஓடாது. எது ஓடாது என்பது உங்களுக்கு அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். அதனால்தான் இதைக் கேட்கும் எல்லோரிடமும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: லாஞ்சர் இல்லாத கம்ப்யூட்டரில், நெட்டைத் துண்டித்துவிட்டு, ஒருமுறையாவது இன்ஸ்டால் செய்து, கேமுக்குள் போய், சேவ் பண்ணி, வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று பார்க்கும் வரை உங்களிடம் இருப்பதை பேக்கப் என்று நம்பாதீர்கள்.

டிஆர்எம் என்பது காப்பிப் பாதுகாப்புப் பூட்டு. அது இல்லாத கேம் என்றால், ஓடுவதற்கு முன் யாரிடமும் அனுமதி கேட்காத கேம். சர்வரைக் கூப்பிடாது, லாஞ்சரில் லாகின் கேட்காது, டிரைவில் டிஸ்க் இருக்கிறதா என்று தேடாது. அதற்காக அது இலவசம் என்றோ, ஊருக்கெல்லாம் காப்பி கொடுக்கலாம் என்றோ ஆகிவிடாது. வாங்கியவர் தன் கம்ப்யூட்டரில், தன் விருப்பப்படி ஓட்டலாம், தனக்காக ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். நான் இங்கே சொல்வதெல்லாம் அந்த எல்லைக்குள்தான்.

லாஞ்சர் நன்றாகத்தானே வேலை செய்கிறது, எதற்கு இத்தனை பாடு என்று தோன்றலாம். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் தன் லாஞ்சருக்கு விண்டோஸ் 7, 8, 8.1 ஆதரவை நிறுத்தியது. அந்த விண்டோஸுக்காகவே செய்யப்பட்டு அதில் இன்றும் நன்றாக ஓடக்கூடிய கேம்கள் ஏராளம். கேமில் எந்தக் குறையும் இல்லை, வாசலில் நிற்கும் லாஞ்சருக்குத்தான் ஆதரவு போய்விட்டது. டெசூரா என்ற ஸ்டோர் ஞாபகம் இருக்கிறதா? அதை நடத்திய நிறுவனம் 2015-ல் திவாலானது. அங்கே வாங்கியவர்களில் ஏற்கெனவே டவுன்லோட் செய்து வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை வரவில்லை. டிஸ்கில் வாங்கியவர்களும் தப்பவில்லை. சேஃப்டிஸ்க் என்ற காப்பிப் பாதுகாப்புக்கு வேண்டிய டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ல் சேர்க்கவே இல்லை, அதனால் அசல் டிஸ்கைக் கையில் வைத்திருந்தும் அந்தக் கேம்கள் திறக்க மறுத்தன. இன்னொரு வகை இழப்பும் உண்டு. ஜிடிஏ 4-ன் ரேடியோவில் இருந்த பல பாடல்களின் உரிமம் முடிந்ததும் 2018-ல் ஓர் அப்டேட் அவற்றை நீக்கியது. லாஞ்சர் தானாக அப்டேட் செய்துகொண்டே இருந்தால், நீங்கள் வாங்கிய வடிவமே உங்களிடம் மிஞ்சாது.

எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வேலையின் அளவு. இந்த விஷயத்தில் மிகச் சுலபமானது ஜிஓஜி. 2008-ல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தொடங்கியது. காலக்ஸி என்று ஒரு லாஞ்சர் அவர்களிடமும் இருக்கிறது, ஆனால் அது கட்டாயமில்லை. பிரவுசரில் உங்கள் லைப்ரரியைத் திறந்து ஒரு கேமைச் சொடுக்கினால் ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்கள் என்று தனியாக ஒரு பகுதி வரும். நமக்கு வேண்டியது அதுதான். இட்ச்.ஐஓவில் இன்னும் எளிது: பெரும்பாலும் ஒரு ஜிப் ஃபைல் கிடைக்கும், விரித்து ஓட்ட வேண்டியதுதான். ஹம்பிள் தளத்திலும் சில கேம்களுக்கு நேரடி டவுன்லோட் உண்டு. மற்றவை வெறும் ஸ்டீம் கீயாக வரும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஓஜி இன்ஸ்டாலரைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். சின்ன கேம் என்றால் செட்அப் என்று தொடங்கும் ஒரே ஒரு இஎக்ஸ்இ (.exe) ஃபைல். பெரிய கேம் என்றால் ஒரு சின்ன இஎக்ஸ்இ, அதே பெயரில் வால் போல -1, -2, -3 என்று எண் போட்ட பின் (.bin) ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 ஜிபி வரை. பால்டர்ஸ் கேட் 3 மாதிரி 150 ஜிபி இடம் கேட்கும் கேமுக்கு இந்தத் துண்டுகள் டஜன் கணக்கில் வரும். எல்லாமே ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு துண்டு விடுபட்டிருந்தாலும் டபுள் கிளிக் செய்யும்போது ஒன்றும் தெரியாது, இன்ஸ்டால் ஓடிக்கொண்டே இருக்கும். பாதி வழியில் அடுத்த டிஸ்கைப் போடு என்று ஒரு சின்ன விண்டோ வந்து நிற்கும். டிஸ்கே இல்லாத காலத்தில் இது என்ன என்று குழம்ப வேண்டாம். இன்னோ செட்அப் என்ற கருவியால் கட்டப்பட்ட இன்ஸ்டாலர் அது, காணாமல்போன துண்டைத்தான் அப்படிக் கேட்கிறது.

இன்ஸ்டாலரின் பெயரிலேயே கேமின் வெர்ஷனும், அடைப்புக்குறிக்குள் ஒரு பில்ட் எண்ணும் இருக்கும். அழகுக்காகப் பெயரை மாற்றாதீர்கள். கூடுதல் உள்ளடக்கம், அதாவது டிஎல்சி, தனி இன்ஸ்டாலராக வரும். அது மூல கேமைத் தேடிக்கொண்டு அதன் மேல் உட்காரும். மூல கேமை இரண்டு வருடம் முன்பு எடுத்துவிட்டு டிஎல்சியை இன்று எடுத்தால் வெர்ஷன் ஒத்துப்போகாமல் தகராறு வரலாம். எனவே ஒரு கேமின் எல்லாத் துண்டுகளையும் ஒரே அமர்வில் எடுங்கள். புது அப்டேட் வந்தால் புது இன்ஸ்டாலரை எடுத்து, அது ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் பழையதை அழியுங்கள். என் கருத்தில், மோட் (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் ஃபைல்கள்) போட்டு விளையாடுகிறவர்கள் பழையதை அழிக்கவே கூடாது. மோட்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வெர்ஷனுக்கென்றே எழுதப்படுகின்றன, ஸ்டோரோ பொதுவாகப் புதிய இன்ஸ்டாலரை மட்டுமே வைத்திருக்கும்.

நூற்றுக்கணக்கில் கேம் வைத்திருப்பவர்கள் பிரவுசரில் ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டாம். எல்ஜிஓஜிடவுன்லோடர், கோக்ரெப்போ என்ற இரண்டு கட்டளைவரிக் கருவிகள் மொத்த லைப்ரரியையும் இறக்கித் தரும். ஜிஓஜி தன்னிடம் வைத்திருக்கும் எம்டி5 எண்ணோடு (ஃபைலின் கைரேகை மாதிரி) ஒப்பிட்டு, இறங்கிய ஃபைல் சரியாக இருக்கிறதா என்றும் அவை பார்க்கும். கையால் எடுத்தவர்கள், இன்ஸ்டாலர் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த உடனே செவன்-ஜிப்பின் ரைட்-கிளிக் மெனுவிலோ, பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையிலோ ஒவ்வொரு ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை, அதாவது அதே மாதிரி இன்னொரு கைரேகையை, எடுத்து, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, கேமின் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். பல வருடம் கழித்து அதே கணக்கை மறுபடி போட்டு எண் ஒத்துவந்தால், ஒரு பிட் கூட மாறவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். மாறியிருந்தால் இரண்டாவது பிரதி வேண்டும். அதனால் இரண்டு வெவ்வேறு டிஸ்குகளில் வைப்பது அவசியம். டிஸ்கை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் போடுங்கள். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பெட்டியில் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டியைவிடப் பழைய பாணி ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. எஸ்எஸ்டியின் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும்.

அடுத்து ஸ்டீம். ஸ்டீமில் விற்கும் கேம்களில் ஒரு பகுதிக்கு டிஆர்எம் எதுவும் இல்லை. டிஆர்எம் போடுவதா வேண்டாமா என்பது கேமை வெளியிடுகிறவரின் முடிவு, ஸ்டீம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: லைப்ரரியில் கேமை ரைட்-கிளிக் செய்து, அதன் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மொத்தமாக வேறோர் இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். ஸ்டீமை முழுசாக மூடுங்கள், மூலையில் இருக்கும் ஐகான் உட்பட. காப்பியில் இருக்கும் இஎக்ஸ்இயை ஓட்டுங்கள். கேம் திறந்தால் நல்லது. ஸ்டார்டியூ வேலி இப்படித் திறக்கும் கேம்களில் ஒன்று.

கேமுக்குப் பதிலாக ஸ்டீம் தானாகக் கிளம்பி வந்தால் உடனே கைவிட வேண்டாம். ஸ்டீம் வழியாகத்தான் என்னைத் திறந்தார்களா என்று கேம் ஆரம்பத்தில் கேட்கும் ஒரு சாதாரணப் பரிசோதனை அது. கேமின் ஃபோல்டரில் ஸ்டீம்_ஆப்ஐடி (steam_appid.txt) என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, அதில் அந்தக் கேமின் ஐடி எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அந்தக் கேள்வி தவிர்க்கப்படும். ஸ்டோர் பக்கத்தின் முகவரியில் இருக்கும் எண்தான் அந்த ஐடி. இது குறுக்கு வழி இல்லை, கேம் உருவாக்குவோருக்காக வால்வ் நிறுவனமே தன் ஆவணங்களில் சொல்லியிருக்கும் முறை. அதற்குப் பிறகும் ஸ்டீம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேம் பிடிவாதம் பிடித்தால், அது லாஞ்சரைச் சார்ந்த கேம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டை உடைக்கும் டிஎல்எல்களை (புரோகிராம் பயன்படுத்தும் துணை ஃபைல்கள்) தேடிப் போகாதீர்கள். அவற்றோடு என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதே கேம் ஜிஓஜியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டரில் ஸ்டீம்_ஏபிஐ என்று ஒரு டிஎல்எல் இருப்பதை வைத்து மட்டும் டிஆர்எம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சாதனைப் பட்டியல், கிளவுட் சேவ் போன்றவற்றுக்கும் அதே ஃபைல்தான்.

ஸ்டீமுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். டவுன்லோடை மிச்சப்படுத்த அது உதவும், ஆனால் திரும்ப எடுக்க ஸ்டீமும் லாகினும் வேண்டும். உங்கள் தேவைக்கு அது ஆகாது. எபிக் ஸ்டோரில் வாங்கியவற்றிலும் சில இஎக்ஸ்இயை நேரடியாகத் தட்டினால் திறக்கும், சோதிக்கும் முறை அதேதான்.

ஃபோல்டர் காப்பி சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடிவிட்டு வேறு கம்ப்யூட்டரில் ஓடாமல் போக முக்கியக் காரணம் ரன்டைம் ஃபைல்கள், அதாவது கேம் ஓட விண்டோஸில் இருக்க வேண்டிய துணை ஃபைல்கள். ஸ்டோர் வழியாக முதல்முறை திறக்கும்போது லாஞ்சர் சத்தமில்லாமல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பையும் டைரக்ட்எக்ஸின் பழைய துண்டுகளையும் இன்ஸ்டால் செய்துவிடும். அவை விண்டோஸுக்குள் போய் உட்காரும், கேம் ஃபோல்டரில் இருக்காது. புதுக் கம்ப்யூட்டரில் விசிரன்டைம்140 இல்லை, டி3டிஎக்ஸ்9_43 இல்லை என்று பிழைச்செய்தி வந்தால் காரணம் இதுதான். எனவே பேக்கப் டிஸ்கில் ரன்டைம் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, விஷுவல் சி++ 2005, 2008, 2010, 2012, 2013 ஆகியவற்றையும், 2015-க்குப் பிந்தைய எல்லாவற்றுக்கும் பொதுவான தொகுப்பையும், 32 பிட், 64 பிட் இரண்டு வடிவிலும் எடுத்து வையுங்கள். கூடவே டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் முழுத் தொகுப்பு. இதில் கவனம்: நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும் குட்டி இன்ஸ்டாலர் ஒன்றும் அதே பெயரில் சுற்றுகிறது, நெட் இல்லாத இடத்தில் அது உதவாது. எல்லாம் சேர்த்தாலும் ஒரு சின்ன கேமின் அளவுகூட வராது. டிஎல்எல் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளங்களிலிருந்து ஒற்றை ஃபைலாக எதையும் எடுக்காதீர்கள். ஜிஓஜி இன்ஸ்டாலர்களில் தேவையான தொகுப்புகள் பெரும்பாலும் உள்ளேயே வரும். இன்ஸ்டால் ஆன ஃபோல்டரைவிட இன்ஸ்டாலரை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேவ் ஃபைல்கள்தான் பலர் கடைசியில் நினைத்துப் பார்ப்பவை. கேமை மறுபடி வாங்கிக்கொள்ளலாம், எண்பது மணி நேரம் ஆடியதை எந்த ஸ்டோரிலும் வாங்க முடியாது. அவை கேம் ஃபோல்டரில் இருப்பது அரிது, ஒவ்வொரு கேமும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைக்கும். விட்சர் 3 டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் தன் பெயரிலேயே வைக்கிறது. ஸ்டார்டியூ வேலி ஆப்டேட்டாவின் ரோமிங்கில், அண்டர்டேல் அதன் லோக்கலில், யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் கருவியில் செய்யப்பட்ட ஹாலோ நைட் லோக்கல்லோவில் டீம் செர்ரி என்ற பெயருக்குக் கீழே. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். எக்ஸ்புளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் உங்கள் யூசர் பெயருக்கு அடியில் தெரியும். யூனிட்டி கேம்கள் சில விவரங்களை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் எழுதும், செட்டிங்ஸ் மட்டும் காணாமல் போனால் அங்கே தேடுங்கள். ஸ்டீம் கிளவுட் பயன்படுத்தும் சில கேம்கள் ஸ்டீமின் யூசர்டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே சேவ் செய்யும், ஸ்டீமை அன்இன்ஸ்டால் செய்யும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவ் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் ஃபோல்டரின் பாதையே மாறியிருக்கும்.

காப்பி எடுக்கும்போது ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். உதாரணத்துக்கு ஸ்டார்டியூ வேலியில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பெயரும் நீண்ட எண்ணும் சேர்ந்த ஃபோல்டர் இருக்கும். உள்ளே அதே பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு ஃபைல், பக்கத்தில் சேவ்கேம்இன்ஃபோ என்று இன்னொன்று. பேக்கப் என்று தெரிய ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றித் திரும்ப வைத்தால், உள்ளே இருக்கும் பெயரோடு ஒத்துப்போகாததால் கேம் அதைத் திறக்காது. எந்தக் கேம் எங்கே வைக்கிறது என்று பார்க்க பிசிகேமிங்விக்கி தளத்தைவிட நல்ல இடம் இல்லை, டிஆர்எம் இருக்கிறதா என்ற தகவலும் அங்கே உண்டு. லூடுசாவி என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி அந்தத் தகவலையே எடுத்துக்கொண்டு, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் சேவ்களைத் தானாகத் தேடிப் பிரதி எடுத்துத் தரும். இதைக் கட்டாயம் போட்டு வையுங்கள் என்பேன்.

சோதனையை எங்கே செய்வது? பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால், விண்டோஸின் ப்ரோ பதிப்பில் சாண்ட்பாக்ஸ் வசதி இருக்கிறது. எதுவும் இன்ஸ்டால் ஆகாத சுத்தமான விண்டோஸ் அது, நெட்டையும் அணைத்துத் திறக்கலாம், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். கனமான முப்பரிமாண கேம் அதில் திணறலாம், ஆனால் இன்ஸ்டாலர் முழுசாக ஓடுகிறதா, எந்த டிஎல்எல் குறைகிறது என்பது சரியாகத் தெரிந்துவிடும். எங்கே இன்ஸ்டால் செய்தாலும் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தவிருங்கள். பழைய கேம்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும், விண்டோஸ் அதை அனுமதிக்காமல் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடும். சேவ் எங்கே போனது என்று தேடி அலுத்துப்போவீர்கள். டிரைவின் மேல்மட்டத்தில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போதும்.

ஜிஓஜி கேமை இஎக்ஸ்இயிலிருந்து நேரடியாகத் திறக்கும்போது தவறான விண்டோ வந்தால், ஃபோல்டரில் கோக்கேம் (goggame) என்று தொடங்கி எண்ணோடு முடியும் ஓர் இன்ஃபோ ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்த இஎக்ஸ்இ, அதற்கு என்னென்ன கட்டளைகள் என்பது பிளேடாஸ்க்ஸ் என்ற பகுதியில் இருக்கும். டாஸ் காலத்துக் கேம்களில் உண்மையில் ஓடுவது பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ், கேமின் பெயரில் இருக்கும் கான்ஃப் (அமைப்பு) ஃபைலை அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதை அங்கிருந்துதான் தெரிந்துகொள்ளலாம்.

பத்து வருடம் கழித்து ஓடுமா என்ற கேள்விக்கு நான் நம்பிக்கையோடு பதில் சொல்லக் காரணமே இந்தப் பழைய கேம்கள்தான். 1990-களின் டாஸ் கேம்களை இன்று டாஸ்பாக்ஸில் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம். சுட்டிச் சொடுக்கும் பழைய சாகசக் கேம்களுக்கு ஸ்கம்விஎம் இருக்கிறது, அதற்கு அசல் டேட்டா ஃபைல்கள் மட்டும் போதும், இஎக்ஸ்இயே தேவையில்லை. டூமின் சோர்ஸ் கோட் 1997-ல் வெளியானதால், கேமின் டேட்டா இருக்கும் வாட் ஃபைலை வைத்திருப்பவர் இன்றும் ஜிஇசட்டூம் என்ற புது இஞ்சினில் புத்தம்புதிதாக விளையாடுகிறார். மாரோவிண்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ. ரசிகர்கள் இப்படிப் புது இஞ்சின் எழுதினாலும், டேட்டாவை அவர்கள் தர முடியாது, அது வாங்கியவர் கையில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் மாறும்போது பழைய டைரக்ட்எக்ஸ் கேம்களுக்கு டிஜிவூடூ2 என்ற கருவி கைகொடுக்கும். லினக்ஸுக்குப் போனால், விண்டோஸ் புரோகிராம்களை அங்கே ஓட்டும் வைன். ஜிஓஜியின் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஓட்டாமலே லினக்ஸில் பிரித்தெடுக்க இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற கருவியும் உண்டு. லினக்ஸுக்கென்றே வரும் எஸ்ஹெச் இன்ஸ்டாலருக்கு ஓடும் அனுமதி கொடுத்தால் போதும். மேக் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு 32 பிட் மென்பொருள் அனைத்துக்கும் ஆப்பிள் கதவை மூடியதில் பழைய மேக் கேம்கள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. அதே கேமின் விண்டோஸ் இன்ஸ்டாலர் வைன் வழியாக மேக்கிலும் ஓட வாய்ப்பு உண்டு. எனவே எந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் விண்டோஸ் இன்ஸ்டாலரையும் சேர்த்து எடுங்கள்.

எடுக்கவே முடியாதது ஒன்று உண்டு: கம்பெனி சர்வரில் மட்டும் உயிர்வாழும் கேம். யூபிசாஃப்டின் தி க்ரூ 2024 மார்ச் 31-ல் சர்வரோடு சேர்ந்து நின்றது. டிஸ்கில் இருந்த ஃபைல்களை மட்டும் வைத்து அதை விளையாட முடியாமல் போனது. மல்டிபிளேயர் உங்களுக்கு முக்கியம் என்றால், வாங்கும் முன் லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) வழியாகவோ நேரடி ஐபி முகவரி கொடுத்தோ இணைய முடியுமா, சர்வர் புரோகிராமைத் தனியாகத் தருகிறார்களா என்று பாருங்கள். தருகிறார்கள் என்றால் அதையும் அதே ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். நெட்டைத் துண்டித்துச் சோதிக்கும்போது, இரண்டு கம்ப்யூட்டரை ஒரே ரவுட்டரில் இணைத்து அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.